சாட்சி சொல்லப் போகும் பிள்ளையை எப்படித் தயார்ப்படுத்துவது?

கேள்வி: என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. எங்கள் தெருக்காரர் ஒருவர் அவளிடம் தவறாக நடந்துகொண்டதில் போக்சோ வழக்கு நடக்கிறது. அடுத்த மாதம் அவள் சாட்சி சொல்ல வேண்டும் என்று சம்மன் வந்திருக்கிறது. புகார் கொடுத்த அக்காவும் ஒரு சாட்சி. "மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதில் ஒரு வார்த்தை மாறினாலும் கேஸ் போய்விடும், தினமும் சொல்ல வைத்துப் பழக்குங்கள்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே பிள்ளை அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: ஒப்பிக்க வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளைக்கு வேதனை என்பது மட்டுமல்ல, வழக்குக்கும் அதுதான் ஆபத்து. ஒரு குழந்தையின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டனை கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கூடவே, யாராவது சொல்லிக்கொடுத்துப் பேசுகிறதா என்று கவனமாகப் பார்க்கவும் சொல்லியிருக்கிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு குறிவைப்பது இந்த இடத்தைத்தான். "இப்படிச் சொல்லணும்னு யார் சொன்னாங்க பாப்பா? அம்மாவா, சித்தியா?" என்ற கேள்வி வரும். தினமும் ஒப்பித்த பிள்ளை, "சித்திதான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று உள்ளதைச் சொல்லிவிடும். நடந்தது அத்தனையும் நிஜமாக இருந்தாலும் அந்த ஒரு பதில் போதும், சந்தேகம் கிளப்ப.

ஒரு வார்த்தை மாறினால் கேஸ் போய்விடும் என்பதும் வெறும் பயம். சின்ன வித்தியாசங்கள் எல்லாச் சாட்சிகளிடமும் வரும், நீதிபதிகளுக்கு அது தெரியும். வரி பிசகாமல் பேசும் குழந்தையைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நெருடும். பழைய வாக்குமூலம் பற்றி ஏதாவது பேச வேண்டுமானால் அது அரசு வழக்கறிஞரின் வேலை. வீட்டில் யாரும் அந்தக் காகிதத்தை எடுக்க வேண்டாம்.

அப்படியானால் வீட்டில் எதைத்தான் பழக்குவது? பதில் சொல்லும் விதத்தை. நம் வீடுகளில் பெரியவர்கள் பேசினால் தலையாட்டத்தான் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர், "அந்த அங்கிள் அன்னைக்கு ஊர்லயே இல்லை, சரிதானே?" என்றால் மரியாதைக்காகவே "ஆமாம்" என்று சொல்லிவிடும். அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்துப் பதிலை மாற்றிவிடும். வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களை வைத்து இதை விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். "உங்க டீச்சர் நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாங்க?" என்று கேளுங்கள். "தெரியாது" என்பதுதான் சரியான பதில் என்று புரிய வையுங்கள். "உன் சைக்கிள் பச்சை நிறம்தானே?" என்று தப்பாகச் சொல்லி, உங்களைத் திருத்த விடுங்கள். "தெரியாது", "மறந்துபோச்சு", "கேள்வி புரியலை", "பாத்ரூம் போகணும்" எல்லாமே அங்கே சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லுங்கள்.

நீதிபதி முதலில் பெயர், வகுப்பு, உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் என்று சில கேள்விகள் கேட்பார். பிள்ளையால் கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கத்தான் அது.

சட்டம் பிள்ளையின் பக்கம் நிறையவே நிற்கிறது. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். போக்சோ சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி இரண்டு தரப்பு வக்கீல்களும் கேள்விகளை நீதிபதியிடம்தான் கொடுக்க வேண்டும். அவர்தான் பிள்ளையிடம் கேட்பார். மிரட்டும் தொனியில் கேட்கவோ குணத்தைக் கொச்சைப்படுத்தவோ கூடாது. இடைவெளி தர வேண்டும், திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. 37-ஆம் பிரிவுப்படி விசாரணை மூடிய அறையில் நடக்கும். திரை, ஒருபக்கக் கண்ணாடி, வீடியோ மூலம் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளையின் கண்ணில் படாமல் வைக்க 36-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பிள்ளை பேசுவது அவர் காதில் விழும். அதனால் "அந்த ஆள் அங்கே வரவே மாட்டார்" என்று பொய் சொல்லாதீர்கள். "வருவார், ஆனால் உன்னிடம் பேசவோ கிட்டே வரவோ விடமாட்டார்கள்" என்பதே போதும்.

என் அனுபவத்தில் பிள்ளைகள் உடைந்துபோவது பெரும்பாலும் உள்ளே அல்ல, வராந்தாவில். ஜாமீனில் வந்தவர் எதிர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். எந்த வழியாக வருவது, கூப்பிடும்வரை எங்கே இருப்பது என்று முன்கூட்டியே அரசு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். குழந்தைகள் போன்ற எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான தனி மையங்களை எல்லா மாவட்டங்களிலும் அமைக்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் கோர்ட்டில் இருந்தால் அங்கேயே சாட்சியத்தைப் பதியும்படி கேளுங்கள். முடிந்தால் வழக்கு இல்லாத ஒரு நாளில் பிள்ளையை அழைத்துப்போய் அறையைக் காட்டிவிடுங்கள்.

நம்பிக்கையான ஒருவர் பிள்ளையோடு உள்ளே இருக்கலாம். உங்கள் அக்காவும் சாட்சி என்பதால் அவர் இருப்பதற்கு எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். நீங்கள் சாட்சிப் பட்டியலில் இல்லையென்றால் நீங்களே போவது நல்லது. பிள்ளை பேசும்போது தலையாட்டவோ உதடசைக்கவோ கூடாது. வழக்கு முடியும்வரை பிள்ளைக்குத் துணையாக நிற்கும் 'ஆதரவு நபர்' யாரையும் இதுவரை நியமிக்கவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் உடனே எழுதிக் கேளுங்கள். இதைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அழுகை தொடர்ந்தால் கவுன்சலிங்குக்கு அழைத்துப் போங்கள். சாட்சியம் முடியும்வரை கூடாது என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு தடை இல்லை. சமாதானமாகப் போகச் சொல்லி யாராவது நெருக்கினால் விசாரணை அதிகாரியிடமும் அரசு வழக்கறிஞரிடமும் எழுத்தில் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசலாம்.

"நல்லா பேசினா பொம்மை வாங்கித் தரேன்" என்று ஆசை காட்டாதீர்கள், அதுவும் குறுக்கு விசாரணையில் கேள்வியாகத் திரும்பும். "நீ சரியா சொன்னாத்தான் அவன் ஜெயிலுக்குப் போவான்" என்ற பாரத்தையும் ஒன்பது வயதின் தலையில் வைக்க வேண்டாம். வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே?" என்று குடையாமல் சாப்பிட அழைத்துப் போங்கள். முதல் விசாரணை ஒரு நாள், குறுக்கு விசாரணை இன்னொரு நாள் என்று வாய்தா விழுவதும் உண்டு. இரண்டையும் அன்றே முடிக்க அரசு வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படியும் தள்ளிப்போனால் அடுத்த தேதியை இரண்டு நாள் முன்னால் பிள்ளையிடம் சொன்னால் போதும். அதுவரை அவள் பள்ளிக்கூடம் போய் வரட்டும்.