வாடகை கம்மின்னு ஊர் மாறலாமா? மனைவி சம்பளத்தையும் சேத்து கணக்கு போடுங்க

கேள்வி: சார், எனக்கு வயசு 36. சாஃப்ட்வேர் வேலை, இப்ப முழுக்க வீட்டுல இருந்துதான் பண்றேன். மனைவி பிசியோதெரபிஸ்ட், ஆஸ்பத்திரில வேலை. 7 வயசுல ஒரு பையன். பெரிய நகரத்துல வாடகை வீட்டுல இருக்கோம், ரெண்டு பேர் சம்பளத்துல 30 சதவீதம் வாடகைக்கே போயிடுது. நடுத்தர ஊர் ஏதாவது ஒண்ணுக்கு மாறிடலாம்னு மூணு ஊர் பாத்து வச்சிருக்கேன். முதல் ஊர் ரொம்ப சீப், ஒரே ஒரு பெரிய ஃபேக்டரிய நம்பி இருக்கற ஊர். ரெண்டாவதுல யூனிவர்சிட்டி, பெரிய ஆஸ்பத்திரிகள்லாம் இருக்கு, வாடகை கொஞ்சம் ஜாஸ்தி. மூணாவது கடலோர டூரிஸ்ட் ஊர். முதல் ஊருக்கே போயி, சேத்து வச்ச பணத்த முன்பணமா போட்டு உடனே வீடு வாங்கிடலாம்னு இருக்கேன். எக்ஸல் ஷீட் அனுப்பியிருக்கேன். என் முடிவு சரியா?

பதில்: ஷீட்ட பாத்தேன். காத்து, மரம், டிராஃபிக், நடக்கற தூரம்னு ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க்கெல்லாம் போட்டு கலர் கலரா அழகா பண்ணியிருக்கீங்க. ஆனா உங்க மனைவி புது ஊர்ல என்ன சம்பாதிப்பாங்கன்னு ஒரு வரி கூட இல்ல, இப்ப வாங்கற அதே சம்பளத்த அப்படியே இழுத்து மூணு ஊருக்கும் போட்டுட்டீங்க. உங்க வேலை லேப்டாப்போட வந்துடும் சரி, அவங்க வேலை எப்படி வரும்? அவங்க அந்த ஊர்லதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கேட்டு ஏறி இறங்கணும்.

இத சேத்துகிட்டா கணக்கு எப்படி மாறுதுன்னு பாருங்க. குடும்ப வருமானம் 100ன்னு வச்சுக்குவோம், உங்களுது 65, அவங்களுது 35. இப்ப செலவு 85, அதுல வாடகை 30, மத்ததெல்லாம் 55. மிச்சம் 15. முதல் ஊருக்குப் போனா வாடகை 12, மத்த செலவு 43, ஆக மிச்சம் 45ன்னு போட்டிருக்கீங்க, அந்த 45தான் உங்கள வீடு வாங்கற வரைக்கும் இழுத்துட்டுப் போயிருக்கு.

வாடகை 12 சரிதான், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா அந்த 55 எப்படி 43 ஆகும்? நீங்களே குடுத்த லிஸ்ட்ல இன்சூரன்ஸ் பிரீமியம், இன்டர்நெட், ஃபோன், ஆன்லைன்ல வாங்கறது, அப்பா அம்மாவுக்கு அனுப்பறது, பழைய பர்சனல் லோன் எல்லாம் இருக்கு, இதுல ஒண்ணாவது ஊர் மாறினா குறையுமா? எங்க இருந்தாலும் அதே ரேட்டுதான். காய்கறி, சின்ன சின்ன வேலைக்கு ஆள் வைக்கற கூலி இந்த மாதிரி உள்ளூர் ஆளுங்க உழைப்புல வர்றதுதான் குறையும், அதனால 50க்கு கீழ போகாதுன்னு வச்சுக்கறேன். அப்புறம் அந்த ஊர்ல பஸ் சரியில்லன்னு நீங்களே ஓரமா ஒரு குறிப்பு போட்டிருக்கீங்க, அப்ப ரெண்டாவது வண்டி வேணும், லோன், பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து மாசம் 5. மாசத்துக்கு ஒரு தடவ ஹெட் ஆபீஸ் போகணும்னும் எழுதியிருக்கீங்க, டிக்கெட்டு, தங்கறது, வெளிய சாப்பாடுன்னு அது 4. ஆக மொத்தம் 71. வருமானம்? பெரிய ஆஸ்பத்திரி இல்லாத ஊர்ல மனைவிக்கு 20 கிடைக்கும்னு வச்சா வருமானம் 85. மிச்சம் 14.

இப்ப மிச்சமாகறதே 15. அதாவது ஊரு, ஸ்கூலு, நண்பர்கள் எல்லாத்தையும் விட்டுட்டு போயி ஒரு ரூபா நஷ்டத்துல நிப்பீங்க.

ரெண்டாவது ஊர்ல அதே கணக்கு போடுங்க. வாடகை 18, மத்தது 51, ஆபீஸ் போய் வர 4, மனைவி ஆஸ்பத்திரிக்கு பஸ்லயே போயிடலாம்கறதால ரெண்டாவது வண்டி வேண்டாம். மொத்தம் 73. அவங்களுக்கு அங்க 30 கிடைச்சா வருமானம் 95, மிச்சம் 22. வாடகை ஜாஸ்தியான ஊர்லதான் மிச்சமும் ஜாஸ்தி. மனைவி சம்பளம் என் அனுமானம்தான், அவங்க நாலு இடத்துல விசாரிச்சு நிஜ நம்பர போட்டுக்குங்க.

அடுத்து உங்க 65. அது மட்டும் அப்படியே நிக்கும்னு யார் சொன்னது? 2020 மே மாசமே ஃபேஸ்புக் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க், செலவு கம்மியான ஊருக்கு மாறிப் போறவங்க சம்பளம் அந்த ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தப்படும்னு வெளிப்படையாவே சொன்னாரு. உங்க கம்பெனி பத்து சதவீதம் வெட்டினா 6.5 போச்சு, முதல் ஊர்ல உங்க மிச்சம் 7.5ல வந்து நிக்கும். சம்பளம் ஒரு பக்கம்னா, ஆபீஸுக்கு வான்னு கூப்பிடறது இன்னொரு பக்கம். அமேசான் 2024 செப்டம்பர்ல அறிவிச்சு 2025 ஜனவரியில இருந்து ஆபீஸ் ஸ்டாஃப் வாரத்துக்கு அஞ்சு நாளும் வரணும்னு சொல்லிடுச்சு. உங்க மேனேஜர் வாய் வார்த்தையா ‘தாராளமா போங்க’ன்னு சொல்லியிருக்காருன்னு எழுதியிருக்கீங்க, மேனேஜர் மாறினா அந்த வார்த்தையும் அவரோட போயிடும். ஊர் மாறலாமா, சம்பளம் மாறுமா, திரும்பக் கூப்பிட்டா எத்தன மாசம் டைம் தருவீங்க, இந்த மூணையும் எச்ஆர்கிட்ட மெயில்லயே கேட்டு மெயில்லயே பதில் வாங்குங்க. மாநில எல்லை, நாட்டு எல்லை எதையாவது தாண்டிப் போறதா இருந்தா வரி எங்க கட்டணும்கறதையும் அதே மெயில்ல கேட்டுடுங்க, அது சில பேருக்கு பெரிய தலைவலியா முடியும்.

சரி, முதல் ஊர்ல வீடு ஏன் இவ்வளவு சீப்? அத யோசிச்சீங்களா? ஒரே கம்பெனிய நம்பி இருக்கற ஊர்ல அந்த கம்பெனி தும்மினா ஊருக்கே ஜுரம். அமெரிக்காவுல ராசெஸ்டர்னு ஒரு ஊர், கோடாக் ஃபிலிம் கம்பெனியோட ஊர். 1980களோட ஆரம்பத்துல அங்க மட்டும் 60,000 பேருக்கு மேல கோடாக்ல வேலை பாத்தாங்க, டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் படுத்ததும் வருஷா வருஷம் ஆள் குறைச்சு குறைச்சு 2012 ஜனவரியில கம்பெனி திவால் மனு போட்டுச்சு. இன்னைக்கு அந்த ஊர்ல அதிகம் பேருக்கு வேலை குடுக்கறது யூனிவர்சிட்டியும் அதோட ஆஸ்பத்திரிகளும்தான். ஃபேக்டரிய மூடலாம், வேற நாட்டுக்கு கொண்டு போகலாம், ஆயிரம் படுக்க ஆஸ்பத்திரிய யாரும் அவ்வளவு சுலபமா பேக் பண்ணி எடுத்துட்டுப் போக மாட்டாங்க. ஒரு கம்பெனி ஊர் எல்லாமே கெட்டுப்போகும்னு சொல்லல, நெதர்லாந்துல ஐந்தோவன் ஃபிலிப்ஸ் கம்பெனியால வளந்த ஊர்தான், ஃபிலிப்ஸ் சுருங்கினாலும், அது இன்னொரு கம்பெனியோட சேந்து 1984ல ஆரம்பிச்ச ஏஎஸ்எம்எல், அதாவது கம்ப்யூட்டர் சிப் செய்யற மெஷின தயாரிக்கற கம்பெனி, இப்ப அந்த வட்டாரத்தையே தூக்கி நிறுத்துது. ஆனா எந்த ஊர் எப்படி ஆகும்னு முன்கூட்டியே உங்களாலயும் சொல்ல முடியாது என்னாலயும் முடியாது.

நான் ரிமோட்ல தானே இருக்கேன், ஃபேக்டரி மூடினா எனக்கென்னன்னு நீங்க கேக்கலாம். உங்க சம்பளம் வரும். ஆனா வீட்ட விக்கணும்னு போனா வாங்க ஆள் இருக்காது, ஏன்னா ஊரே அதே நேரத்துல விக்க நிக்கும், மனைவிகிட்ட சிகிச்சைக்கு வர்றவங்களும் குறைவாங்க. அந்த நேரம் பாத்து உங்களுக்கும் வேலை போச்சுன்னா இன்னொரு வேலைக்கு எத்தன வாசல் இருக்கு அந்த ஊர்ல? நான் ஊர் பாக்கறப்ப முதல்ல பாக்கறது இதத்தான், வாடகையெல்லாம் அப்புறம்.

அதனால வீடு வாங்கறத இப்ப விட்டுடுங்க, எந்த ஊரா இருந்தாலும். ஒரு வருஷம் வாடகைக்கு இருங்க. அந்த ஒரு வருஷத்துல அதே மாதிரி ஒரு வீட்டோட விலைய அதோட வருஷ வாடகையால வகுத்துப் பாருங்க, 15க்குள்ள வந்தா வாங்கறத யோசிக்கலாம், 20 தாண்டினா வாடகையே நல்லது, இது குத்துமதிப்பான அளவுதான் ஆனா பெரும்பாலும் ஏமாத்தாது. சேத்து வச்ச பணத்துல ஆறு மாச செலவு, அது போக திரும்பி வர்றதுக்கான செலவு, அதாவது லாரி, புது வாடகை அட்வான்ஸ், ஸ்கூல் அட்மிஷன், இத தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டு தொடாம வைங்க. போற செலவ எல்லாரும் கணக்கு பாக்கறாங்க, வர்ற செலவ யாரும் எழுதறதே இல்ல.

மூணாவது ஊர பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. டூரிஸ்ட் ஊர்ல வீட்டுக்காரங்களுக்கு சீசன்ல நாள் வாடகைக்கு விடறது லாபம், உங்கள எப்ப வேணா காலி பண்ணச் சொல்லலாம், நல்ல ஆஸ்பத்திரி ரெண்டு மணி நேர தூரம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. லீவுக்குப் போங்க.

ரெண்டாவது ஊருக்கு ஒரு மாசம் சும்மா போய் தங்கிப் பாருங்க, லீவு போட்டு இல்ல, வேலை பாத்துகிட்டே. வெயிலோ மழையோ குளிரோ, அந்த ஊர்ல எது ரொம்ப மோசமோ அந்த மாசத்துல போங்க. திங்கக்கிழமை காலையில எட்டரைக்கு பையன கூட்டிகிட்டு ஸ்கூல் வாசல் வரைக்கும் போய்ட்டு வாங்க, ஒன்பது மணி மீட்டிங்ல வீடியோ போட்டு இன்டர்நெட் நிக்குதான்னு பாருங்க. மனைவி அந்த மாசத்துலயே ரெண்டு மூணு இடத்துல இன்டர்வியூ குடுத்துடட்டும், கையில ஆஃபர் லெட்டர் வர்றதுக்கு முன்னாடி இங்க அவங்க ரிசைன் பண்ண வேண்டாம்.

மத்தபடி முதல் ஊர்தான் மனசுல நிக்குதுன்னா ஒரு வழி இருக்கு. அங்க மனைவிக்கு 30க்கு ஆஃபர் வந்துட்டா வருமானம் 95, செலவு 71, மிச்சம் 24, ரெண்டாவது ஊர விட ரெண்டு ஜாஸ்தி. அப்ப தாராளமா போங்க, ஆனா வாடகைக்கு மட்டும்.