பாட்டிக்கே தெரிந்த கீழாநெல்லிக்கு ஆய்வுக்கூடம் எதற்கு?

இயற்கை மருந்து ஆய்வு என்பது, ஒரு மூலிகை எந்த அளவில் எந்த நோய்க்கு உண்மையாகவே வேலை செய்கிறது என்று சோதிப்பது. தஞ்சை வயல் வரப்பில், இலைக்கடியில் மணி மணியாகக் காய்த்துக் கிடக்கும் கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணும் பருவமும் மாறினால் அதன் வீரியமும் மாறும். கும்பகோணம் காப்பியில் முதல் டிகாஷனும் இரண்டாவதும் ஒன்றா என்ன?

சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜனின் குழு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்து, 1988-இல் நல்ல பலன் என்று அறிவித்தது. பிற்பாடு வேறு இடங்களில் நடந்த சில சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. (இந்தப் பாதியை ஊரில் யாரும் சொல்வதில்லை.) தியாகராஜன் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

கீழாநெல்லி எல்லா மஞ்சள் காமாலையையும் தீர்க்கும் என்பது தவறு: காமாலை ஓர் அறிகுறிதான், பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும் வரும், அப்போது கல்லைத்தான் எடுக்க வேண்டும்.