பழைய ஐ7 மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஐ7, 16 ஜிபி ரேம் போட்டு 19,500 ரூபாய்க்குத் தருகிறோம் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஐ3, 8 ஜிபி ரேம், 29,000 சொல்கிறார்கள். மானிட்டர் என்னிடம் இருக்கிறது. ஐ7 தானே பெரியது? விலையும் குறைவு. இதில் ஏதாவது சூது இருக்கிறதா? இரண்டு கொட்டேஷனையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இருக்கிறது. 29,000 சொன்னவரிடமே வாங்குங்கள். ஆனால் பணம் கொடுக்கும் முன் அவரிடமும் ஒரு எழுத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் கொட்டேஷனில் 'ஐ7' என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஐ7 என்பது கம்ப்யூட்டரின் மூளையான இன்டெல் ப்ராசஸரின் பெயர்; எந்த ஐ7 என்று இல்லை. கீழே பொடி எழுத்தில் 'எச்61 போர்டு, டிடிஆர்3' என்று இருக்கிறதே, அதில்தான் குட்டு உடைகிறது. டிடிஆர்3 பழைய வகை ரேம். எச்61 என்பது ப்ராசஸர் உட்காரும் பழைய போர்டு; அதில் இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ராசஸர் மட்டுமே உட்காரும். அப்படியானால் உங்களுக்கு வரப்போவது ஐ7-2600, மிஞ்சிப்போனால் ஐ7-3770. நல்லதாகவே நினைத்து 3770 என்று வைத்துக்கொள்வோம். அது 2012 ஏப்ரலில் வந்த சரக்கு. இரண்டாம் கடைக்காரர் எழுதியிருக்கும் ஐ3-12100 வந்தது 2022 ஜனவரியில்.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவர் என்று காட்டும் வரிசை. தலைமுறை மாறினால் அந்த வரிசைக்கு மதிப்பில்லை. கோடு போட்டதற்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள்: 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. உங்கள் ஊரில் எவராவது இன்ஜின் எத்தனை குதிரைசக்தி என்று மட்டும் கேட்டுவிட்டு, எந்த வருஷத்து இன்ஜின் என்று கேட்காமல் படகுக்கு முன்பணம் கொடுப்பாரா? கம்ப்யூட்டர் கடையில் மட்டும் ஏன் கேட்காமல் விடுகிறோம்? பெயர் வைத்த கம்பெனியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சாதாரண ஆளுக்குப் புரியாதபடி பெயர் வைத்துவிட்டு, இப்போது 'ஐ'யையும் எடுத்துவிட்டு 'கோர் அல்ட்ரா' என்று புதிதாக ஒன்றைக் கிளப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த ஐ7, இந்த ஐ3 இரண்டிலும் கோர், அதாவது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் ஆள், நான்குதான்; த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை, எட்டுதான். தலைக்கட்டு ஒன்று. ஆனால் ஒரு கோரை மட்டும் எடுத்து அளந்தால் புதியது ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். எல்லாக் கோரும் சேர்ந்து ஓடினால் சுமார் இரண்டு மடங்கு. உங்கள் கடையில் நடக்கும் வேலைக்கு, அதாவது பிரவுசரில் பத்து டேப், ஒரு பிடிஎஃப், பக்கத்தில் போட்டோஷாப் என்பதற்கு, அந்த ஒரு கோர் வேகம்தான் கைக்குத் தெரியும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் கடைசி நாளில் சுற்றிக்கொண்டே இருப்பது வேறு கதை. அது அவர்கள் சர்வர் பிரச்சினை. லட்ச ரூபாய் மெஷின் வாங்கினாலும் சுற்றத்தான் செய்யும்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி. முதல் கடைக்காரர் 'ஏன் ஓடாது, இதோ பாருங்கள்' என்று 3770-லேயே 11-ஐ ஓட்டிக் காட்டுவார். விண்டோஸ் செய்யும் சோதனையைத் தாண்டிப் போட வழி இருக்கிறது, கடைப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. உங்கள் மெஷின் வழியாக ஊர்க்காரர்களின் ஆதார், சாதிச் சான்று, வங்கி பாஸ்புக் எல்லாம் போய்வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

'புது போர்டு, ஒரு வருஷ வாரண்டி' என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். எச்61-ஐ இன்டெல் கைவிட்டுப் பல வருஷமாகிறது. பழைய போர்டுகளில் கழற்றிய எச்61 சிப்பைப் புதுப் பலகையில் ஒட்டிப் பளபளப்பான டப்பாவில் போட்டு வருகிறவைதான் சந்தையில் அதிகம். ப்ராசஸர் ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட மெஷினிலிருந்து வந்தது, ரேமும் அப்படித்தான். உங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு கேடும் உண்டு. உப்புக்காற்று. போர்டைக் கையில் வாங்கி, பின்பக்கம் யுஎஸ்பி துளைகளின் தகர ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, திருகின் தலையில் துரு இருந்தாலோ, ரேமின் தங்க நிறப் பட்டையில் பச்சை படிந்திருந்தாலோ அது ஏற்கெனவே கடற்கரையைப் பார்த்த சரக்கு. அப்படியே கீழே வையுங்கள்.

இப்போது அந்த எழுத்து. ஐ3-12100 என்று ஒன்று உண்டு, ஐ3-12100எஃப் என்று இன்னொன்று உண்டு. வேகம் ஒன்றே. எஃப் போட்டதில் படம் காட்டும் பாகம் வேலை செய்யாது, அதனால் விலை குறைவு. கொட்டேஷனில் அந்த எஃப் எப்படியோ விட்டுப்போய்விடும்! போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கும், நீங்களும் மானிட்டர் கேபிளைச் செருகுவீர்கள், திரை கறுப்பாகவே இருக்கும். திரும்பப் போனால், 'அண்ணே, இதுக்கு கிராஃபிக்ஸ் கார்டு தனியா போடணும்ல' என்று ஒரு பழைய கார்டை எடுத்து நீட்டுவார்கள். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்து, அது இன்னும் உயிரோடும் இருந்தால் மட்டும் எஃப் வாங்கலாம். அப்போதும் அந்தக் கார்டைக் கையோடு எடுத்துப்போய், கடையிலேயே மாட்டி, படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எஃப் இல்லாததாக இருந்தால், மானிட்டரை போர்டிலேயே செருகிப் படம் வரச் சொல்லுங்கள். ப்ராசஸர் டப்பாவை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். டப்பாவிலும் சிப்பின் உலோக மூடியிலும் முழுப் பெயரும் இருக்கும். மாட்டி முடித்த பிறகு, உள்ளே இருப்பது எந்த ப்ராசஸர் என்று காட்டும் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'எனக்குத் தெரிஞ்ச கடை, நான் கூட வர்றேன்' என்று கிளம்பும் தம்பியைத் தயவுசெய்து கூட்டிப்போகாதீர்கள். அவருக்கு இரண்டு கடையிலும் கமிஷன் இருக்கலாம். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் அனுப்புகிறோம் என்ற வாட்ஸ்அப் விளம்பரமும் வேண்டாம். பஸ் குலுங்கியதில் ஃபேன் கழன்று வந்தால் யாரைக் கேட்பீர்கள்?

ஜிஎஸ்டி பில் கட்டாயம். 18 சதவீதம் கூடும் என்று பயம் காட்டுவார்கள், அசையாதீர்கள். பில்லில் ப்ராசஸர், போர்டு, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். டப்பாவோடு வரும் இன்டெல் ப்ராசஸருக்கு மூன்று வருஷ வாரண்டி உண்டு. பில் இல்லாத வாரண்டி கடைக்காரரின் வாய்ச்சொல்தான். பில் இருந்தாலும் போர்டு கெட்டால் 'மதுரைக்கு எடுத்துட்டுப் போங்க' என்பார்கள். ஒரு போர்டை மாற்ற ஒரு நாள் வியாபாரத்தை மூடிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. மாவட்டத் தலைநகரில் விற்கத் தெரிந்தவர்களுக்கு அங்கேயே வாங்கி வைத்து அனுப்பத் தெரியாதா?

8 ஜிபி ரேம் போதுமா என்று கவலைப்பட வேண்டாம், தொடங்கப் போதும். அதை ஒரே குச்சியாகப் போடச் சொல்லுங்கள், பக்கத்து ஸ்லாட் காலியாக இருந்தால் பிறகு இன்னொரு 8 சேர்க்கலாம். அவர் ஐ3-14100 தருகிறேன் என்றால், கூடுதல் சில நூறு ரூபாய்க்குள் இருந்தால் மட்டும் சரி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மிச்சப் பணத்தை ஒரு யுபிஎஸ்ஸில் போடுங்கள். கேபினட்டைத் தெருவைப் பார்த்த வாசலோரம் தரையில் வைக்காதீர்கள், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் நேராக ஃபேனுக்குள்தான் போகும்.