பத்து யூரோவுக்குள் கிடைக்கும் ஜெர்மன் வெள்ளை ஒயின் குடிக்கத் தகுந்ததா? அதை எந்த உணவோடு அருந்தலாம்?

தகுந்ததுதான், ஆனால் புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்து வாங்க வேண்டும். ஜெர்மன் ஒயின் என்றாலே சர்க்கரைத் தண்ணீர் என்ற எண்ணம், லீப்ஃபிரௌமில்ஷ் என்ற பெயரில் ஒரு காலத்தில் பெருமளவில் ஏற்றுமதியான மலிவுச் சரக்கு விட்டுச்சென்ற கெட்ட பெயர். மோசல் ஆற்றங்கரையின் ட்ரியர் நகரில் குடியிருந்தபோது நானும் அந்த ஐயத்தோடுதான், ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை வகையில் செய்த முதல் ஒயினை வாங்கினேன்.

சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது மது விழுக்காடு. திராட்சையின் சர்க்கரைதான் நொதித்து மதுவாகிறது என்பதால், 8 அல்லது 9 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால் மாறாத சர்க்கரை உள்ளே மிஞ்சியிருக்கிறது என்றும், 12 என்றிருந்தால் பெரும்பாலும் இனிப்பில்லாதது என்றும் கொள்ளலாம். ‘ட்ரோக்கன்’, அதாவது இனிப்பில்லாதது, என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது விதி. ‘காபினெட்’ என்ற சொல்லை இனிப்பின் அளவாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அறுவடையின்போது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதைச் சொல்வது, அதனால் காபினெட் ட்ரோக்கனும் உண்டு.

நான் அடிக்கடி வாங்கியது எட்டு யூரோ சொச்சத்துக்குக் கிடைத்த, சற்று இனிப்பான மோசல் காபினெட். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் மட்டுமே மணக்கும். கோப்பையில் ஊற்றி இருபது நிமிடம் பொறுத்தால் பீச் பழ வாசனை மெல்ல மேலெழும். ஆகவே ஒரே கோப்பையைக் குளிர்ச்சியாக ஒரு முறையும் குளிர் சற்றுத் தணிந்தபின் ஒரு முறையுமாகச் சுவைத்துப் பாருங்கள். நாவின் மேல் முதலில் இனிப்பு படரும், அதை முழுதாக உணர்வதற்குள் கன்னங்களின் உட்புறம் கூசும்படி புளிப்பு வந்து துடைத்துவிடும், வாயில் நீர் ஊறும். அந்தப் புளிப்பு இல்லாத இனிப்பு ரீஸ்லிங்கை நான் இரண்டாம் முறை வாங்குவதில்லை. இளம் ஒயினில் நுண்ணிய குமிழிகள் நாவைச் சுருக்கென்று தொட்டால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அது நொதித்தலில் எஞ்சிய கரியமில வாயு.

உணவைப் பொறுத்தவரை உப்பும் கொழுப்பும் சேர்ந்தவை பெரும்பாலும் இந்தக் காபினெட்டுக்குப் பொருந்தும். புகையூட்டிய ட்ரவுட் மீனோடு இது அமைவதைப்போல வேறு எதோடும் அமைந்து நான் கண்டதில்லை. ஜூன் 24 வரை கொண்டாடப்படும் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகளின் பருவத்தில், வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த ஹாலண்டைஸ் சாஸ் ஊற்றிய அஸ்பாரகஸோடு இதையே அருந்தி ஏமாந்தேன். இனிப்பு துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு ஃபிராங்கன் வட்டாரத்தின் இனிப்பில்லாத சில்வானர் என்ற திராட்சை வகை ஒயின்தான் சரி. காரத்துக்கோ காபினெட்டே நல்லது: மது மிகுந்த ஒயின் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், மது குறைந்து சற்று இனிக்கும் ஒயின் அதை ஆற்றும். வீட்டில் செய்த மிளகுக் கோழி வறுவலோடு அது நன்றாகவே ஒத்துப்போனது; புளிக்குழம்போடு சேர்த்தபோது புளிப்பும் புளிப்பும் மோதி இரண்டுமே கெட்டன. கேக்கோடும் வேண்டாம், ஒயினைவிட இனிப்பான பண்டத்துக்குப் பின் ஒயின் வெறும் புளிப்பாகத் தோன்றும்.

மூடி இறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்த அரைப் புட்டி நான்காம் நாளும் நன்றாகவே இருந்தது. அன்று அதற்குத் துணையாக நான் பொரித்தது, துருவிய உருளைக்கிழங்கில் உப்புச் சேர்த்துத் தட்டும் ரைபகூகன் அடைதான்.