முதல் மூன்று மாதம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

ஏழாவது வாரம் நடக்கிறது. போன வாரம் வரை எழுந்தாலே குமட்டும்; மூன்று நாளாகத் திடீரென்று குறைந்துவிட்டது. என் அக்காவுக்கு நான்காம் மாதம் வரை வாந்தி இருந்ததாம். எனக்குக் கரு வளரவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

குமட்டல் குறைந்ததை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. மசக்கை ஒரே சீராக ஏறி இறங்குவதில்லை. இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் நாள் படுத்தி எடுக்கும். பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 12 முதல் 16 வாரங்களுக்குள் அடங்கும். இந்த வாரக்கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குவது. கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வாரம் பிசகும்; வீண் பயங்களில் பாதி இந்தப் பிசகிலிருந்துதான் வருகிறது.

அக்காவோடு ஒப்பிட வேண்டாம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் இந்தக் குமட்டலுக்கு முக்கியக் காரணம். கர்ப்பத்துக்கு முன் யாருடைய உடலில் அது குறைவாக இருந்ததோ, அவர்களையே அதன் திடீர் ஏற்றம் அதிகம் வாட்டுகிறது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, குமட்டலின் கடுமையில் தாயின் உடல்வாகுக்கும் பெரிய பங்கு உண்டு. ஒருமுறைகூட வாந்தி எடுக்காமல் நல்லபடியாகப் பிள்ளை பெறுபவர்கள் ஏராளம்.

சந்தேகத்தைத் தீர்ப்பது ஸ்கேன்தான். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் ஆறு, ஆறரை வாரத்தில் இதயத்துடிப்பு தெரியத் தொடங்கும். கரு 7 மில்லிமீட்டரைவிடச் சிறியதாக இருந்து துடிப்பு தெரியாவிட்டால், அன்றே முடிவு சொல்லக் கூடாது. குறைந்தது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

தண்ணீர் குடித்தாலும் வாந்தி வருகிறது. மாத்திரை போட்டால் குழந்தைக்கு ஆகாது என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் பொறுக்கலாம்?

பொறுத்துக்கொண்டிருப்பதுதான் தவறு. வாந்தியால் உடல் வறண்டு போவது, சரியான மருந்தைவிடத் தீங்கானது.

முதலில் சாப்பிடும் விதம். வயிறு காலியானால் குமட்டல் கூடும். படுக்கைக்குப் பக்கத்தில் உப்பு பிஸ்கட் போல உலர்ந்த எதையாவது வைத்துக்கொண்டு, எழுவதற்கு முன்பே இரண்டு வாய் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். பிறகு ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி இடைவெளி விட்டு, ஒரு மிடறு, இரண்டு மிடறாகக் குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்தால் வெளியேதான் வரும். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு என்பதால் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள். அமிலத்தால் இளகிய எனாமல் தேயும். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் துலக்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரை குமட்டலை அதிகமாக்கும். மருத்துவரிடம் சொன்னால் சில வாரம் நிறுத்திவைக்கச் சொல்வார். ஃபோலிக் அமிலத்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; வழக்கமான அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் 5 மில்லிகிராம் தரப்படுவதுண்டு.

இதிலும் அடங்காவிட்டால் வைட்டமின் பி6, டாக்சிலமின் இரண்டும் தலா 10 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்டு, பாதுகாப்பானது என்று தெளிவான மருந்து. வழக்கமாக இரவு படுக்கும்போது இரண்டு மாத்திரையில் தொடங்குவார்கள். மெதுவாகக் கரைவதால் அதன் பலன் மறுநாள் காலை கிடைக்கும். தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே வாங்குங்கள்.

24 மணி நேரமாக எதுவுமே வயிற்றில் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர் நிறத்தில் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது (60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ) என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயாமின், அதாவது வைட்டமின் பி1, கொடுப்பார்கள். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு அந்தச் சத்து வற்றியிருக்கும்; அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். எத்தனை நாளாக வாந்தி என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று: பத்தாவது வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக வாந்தி தொடங்கினாலோ, கூடவே காய்ச்சலோ கடுமையான வயிற்றுவலியோ இருந்தாலோ, அதை மசக்கைக் கணக்கில் எழுதக் கூடாது. வேறு காரணம் தேட வேண்டும்.

ஆறாவது வாரம். உள்ளாடையில் பழுப்பு நிறக் கறை. அடிவயிற்றில் மாதவிடாய் போல லேசாக இழுக்கிறது. உடனே போக வேண்டுமா?

முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கொஞ்சமாவது ரத்தம் படுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் தொடர்கிறது. பழுப்பு நிறம் பழைய ரத்தம். நடுவில் லேசாக இழுத்துப் பிடிப்பது கர்ப்பப்பை விரிவதாலும் வரும். ஆனாலும் தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லி, ஒன்றிரண்டு நாளில் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். காரணம், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்பது உங்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை.

கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும். தோள்பட்டை நுனியில் வலி வந்தால் அலட்சியம் வேண்டாம்: வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை, உறுத்துவதால் அங்கே தெரிகிறது. ஒரு பக்க வலி, தோள்பட்டை வலி, மயக்கம், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் போக்கு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், இரவானாலும் உடனே போங்கள். உங்கள் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று பார்ப்பார்கள்.

இரவில் ஐந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். சிறுநீரில் தொற்றா?

எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் தொற்று இல்லாமலும் இருக்கலாம். சிறுநீரகம் வடிகட்டும் அளவு சுமார் பாதி கூடுகிறது; இடுப்புக்குள் இருக்கும் கர்ப்பப்பை சிறுநீர்ப்பையையும் அழுத்துகிறது. 12 வாரம் தாண்டி அது மேலே எழும்பியதும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல், நாற்றம், காய்ச்சல், விலாவுக்குக் கீழ் முதுகுவலி இருந்தால் அன்றே பரிசோதனை. எந்தத் தொல்லையும் இல்லாமலும் கிருமி இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறும் என்பதால்தான் ஆரம்பத்திலேயே ஒருமுறை சிறுநீர் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுக்கச் சொல்கிறார்கள்.

மனைவிக்கு ஒன்பதாவது வாரம். அடிக்கடி தலைவலி. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா?

அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். பாராசிட்டமால் மட்டும் என்றால் 500 மில்லிகிராம் ஒன்று கொடுக்கலாம். தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. ஐபுப்ரொஃபென், டைக்லோஃபினாக் இருந்தால் வேண்டாம். சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு வேறு மருந்துகளும் கலந்திருக்கும், கவனம். அதற்கு முன், அவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேளுங்கள். வழக்கமாகக் குடித்துவந்த காபியைச் சட்டென்று நிறுத்தினாலும் தலைவலிக்கும். அடியோடு விடத் தேவையில்லை. நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள், அதாவது ஒன்றிரண்டு சிறிய கோப்பைக்குள் இருந்தால் போதும்.

மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

இரண்டுக்கும் மூலம் கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன்தான். குடலின் தசை தளர்வதால் மலம் தங்குகிறது. உணவுக்குழாயின் கீழ் வாய் தளர்வதால் அமிலம் மேலே வருகிறது. நார்ச்சத்தும் தண்ணீரும் சேர்ந்துதான் கூட வேண்டும். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் இறுக்கம் அதிகமாகும். இசப்கோல் சாப்பிடலாம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. கால்சியம் கலந்த அமில முறிவு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இல்லாவிட்டால் இரும்பு உடலில் சேராது.

எட்டாவது வாரத்திலேயே உட்கார்ந்த இடத்தில் தூக்கம். மல்லாந்து படுத்தே தூங்கிவிடுகிறேன். குழந்தைக்கு ஆபத்தா?

இல்லை. இப்போது கர்ப்பப்பை சிறியது. பெரிய ரத்தக்குழாயை அழுத்தும் கனம் அதற்கு இல்லை. பக்கவாட்டில் படுக்கச் சொல்வது 28 வாரத்துக்குப் பிறகு. தூக்கம் வருவது இயல்பு, தூங்குங்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் மட்டும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தூங்கி எழுவதால் அது சரியாகாது.