வால்வெள்ளி ஆராய ஆசைப்படும் மகளுக்கு எந்தப் பிரிவு?

சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த மகள், வேறு நட்சத்திரத்துக்குச் சொந்தமான வால்வெள்ளிகளை ஆராய வேண்டும் என்கிறாள்; நீங்களோ டாக்டராக்க நினைத்திருந்தீர்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு அம்மா. ஆனால் நீண்ட வழி.

முதலில் அது என்ன வேலை என்று பாருங்கள். சூரியன் சுடும்போது வால்வெள்ளியின் பனி நேரடியாக வாயுவாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். தண்ணீர்ப் பனி பெரும்பாலும் சூரியனை நெருங்கிய பிறகுதான் இப்படி ஆவியாகும். வெகு தூரத்திலேயே புகையத் தொடங்கினால் உள்ளே காபனோரொட்சைட்டோ காபனீரொட்சைட்டோ இருக்கலாம். வாயு ஒவ்வொன்றும் தனக்குரிய அலைநீளத்தில் ஒளிவிடுவதால், நிறமாலையைப் பிரித்து எது எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். 2019 இல் வேறு நட்சத்திரத்திலிருந்து வந்த போரிசோவ் என்ற வால்வெள்ளியில், நம்முடைய வால்வெள்ளிகளில் வழக்கமாக இருப்பதைவிட காபனோரொட்சைட்டு மிக அதிகம். 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கி கண்டுபிடித்த, அதேபோல் வெளியிலிருந்து வந்த 3ஐ அட்லஸ் என்ற வால்வெள்ளியை அடுத்த மாதமே ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தது. அதில் தண்ணீரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு காபனீரொட்சைட்டு வெளிவந்துகொண்டிருந்தது. வேறொரு சூரியனைச் சுற்றி உருவான பொருள் எதனால் ஆனது என்பதை, அங்கே போகாமலே அறிகிறோம். பிள்ளை இதில் மயங்கியதில் ஆச்சரியமே இல்லை.

இதற்குத் தேவை பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம், அப்புறம் கணினி நிரலாக்கம். ஆகவே உயர்தரத்தில் கணிதப் பிரிவுதான். மருத்துவக் கதவு அதோடு மூடிவிடும், அதை நான் மறைக்கப் போவதில்லை. அடுத்து வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் புள்ளி கைகொடுத்தால் கொழும்பு, பேராதனை. அதற்கு மேல் கலாநிதிப் படிப்புக்கு வெளிநாடு போகத்தான் வேண்டும். அமெரிக்காவில் இத்துறையில் பல பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குவதில்லை, மாதச் செலவுக்கும் பணம் தருகின்றன. காணி விற்க வேண்டி வராது.

இலங்கையில் இந்த ஆராய்ச்சிக்கென்று இருக்கும் வேலைகள் மிகக் குறைவு. ஆனால் பாதியில் மனம் மாறினாலும் பௌதிகவியல் பட்டம் வீணாகாது: ஆசிரியர், விரிவுரையாளர், மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு என்று பிழைக்க இடமுண்டு. பொறியியலுக்கும் இதே பிரிவுதான்.

ஒன்றை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிரிவைத் தெரிவு செய்யுமுன் சில வாரம் இணைந்த கணித வகுப்புக்கு அனுப்புங்கள். வானத்தில் ஆசை இருந்தும் இந்தப் பாடத்தில் தளர்ந்துபோகும் பிள்ளைகள் உண்டு. கணக்கு வராமல் திணறும்போதும் விடாமல் குந்தியிருந்து செய்கிறாளா என்று கவனியுங்கள். செய்கிறாள் என்றால், கணிதப் பிரிவு விண்ணப்பத்தில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.