"நிச்சயமா?" என்றதும் மாறும் விடை

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. கணக்கைச் சரியாகத்தான் போடுகிறாள். 'நிச்சயமாத் தெரியுமா?' என்று கேட்டால் போதும், உடனே அழித்துவிட்டு வேறு விடை எழுதுகிறாள். தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அங்கேயும் ஒருவர் எதிரே நின்று சரி, தப்பு சொல்லிக்கொண்டுதான் இருப்பார்.

உங்கள் மகள் பெரியவர்களை நன்றாகவே படித்துவைத்திருக்கிறாள். சரியான விடை சொன்ன பிள்ளையிடம் 'நிச்சயமா?' என்று கேட்ட ஆசிரியரை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? சரியென்றால் 'உட்கார்'. மறுபடி கேட்டால் தப்பு. வீட்டில் நீங்களும் அதே தொனியில்தான் கேட்கிறீர்கள்.

ஆராய்ச்சியாளர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் பெயர்பெற்ற சோதனையில், எதிரெதிரே இரண்டு வரிசை வில்லைகளை அடுக்கி, 'இரண்டும் சமமா?' என்று கேட்பார்கள். பிறகு ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். 'இல்லை' என்ற பிள்ளைகளுக்கு எண்ணிக்கை புரியவில்லை என்று முடிவுகட்டினார்கள். 1974-இல் ரோஸ், பிளாங்க் என்ற இருவர், அகட்டிய பிறகு ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைகள் அதிகமானார்கள்!

இன்னொன்று, சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தது. 1979 வாக்கில் பிரான்ஸின் கிரெனோபிளில் கொடுத்த கணக்கு: 'கப்பலில் 26 செம்மறிகள், 10 வெள்ளாடுகள். கப்பல் தலைவரின் வயது என்ன?' 97 மாணவர்களில் 76 பேர் அந்த எண்களை வைத்தே வயதைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். விளையாடும் இடத்தில் கேட்டிருந்தால் 'உளறாதே' என்றிருப்பார்கள். வகுப்பில் கேட்டால் விடை இருந்தே தீரும் என்பது அவர்கள் கற்ற பாடம்.

ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு மணி அடிப்பதற்குள் பாடம் முடிய வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லையே. விடை சரியாக இருக்கும்போதும் 'எப்படிக் கண்டுபிடிச்சே?' என்று கேளுங்கள், முகத்தில் எதையும் காட்டாமல். கழித்த விடையைக் கூட்டிப் பார்த்து அவளே தீர்ப்புச் சொல்லட்டும். அதுவரை வாயைத் திறக்காமல் இருப்பது உங்களுக்குத்தான் கஷ்டம்.

கூடவே, அழிரப்பரை ஒரு மாதத்துக்கு எடுத்து வையுங்கள். பழைய விடையை ஒரு கோடு மட்டும் போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதியதை எழுதட்டும். அடித்ததே சரியாக இருந்தது எத்தனை தடவை என்று மாதக் கடைசியில் அவளையே எண்ணச் சொல்லுங்கள்.